மடாதிபதியும் பிஷப்பும் மௌலானாவும் நாட்டுச் சண்டையைத் தீர்க்க முடியுமா?

புதுச்சேரியில் அரசியல் அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு நாட்டையே உலுக்கும் அரசியல் மோதலில் மதத் தலைவர்கள் நடுவில் நின்று சமாதானம் செய்ய முடியுமா? இதற்கு முன்னால் செய்திருக்கிறார்களா? அப்படிச் செய்தால் மதம் அரசியலுக்குள் நுழைந்துவிடாதா?"

செய்திருக்கிறார்கள். சில இடங்களில் பல ஆண்டுப் போரையே முடித்து வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கிழிக்க வைத்தவர்களும் மதத் தலைவர்கள்தான். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எதிர்த்தரப்பு மதிக்கிற மாதிரி ஒரு சாமியாரோ பிஷப்போ இருப்பது நல்லதுதான், ஆனால் அது போதாது. தன் ஆட்களைப் பார்த்து "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இருக்க வேண்டும். சொன்னால் அவர்கள் கேட்கவும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் காரியம் நடந்திருக்கிறது.

கேட்டவர் புதுச்சேரிக்காரர் என்பதால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்தார். வங்காளத்தில் அனல் பறக்க அரசியல் செய்தவர், இங்கே வந்தபின் மேடைப் பக்கமே போகவில்லை. 1926 நவம்பருக்குப் பிறகு தரிசன நாட்களைத் தவிர வெளியே முகம் காட்டுவதையும் விட்டுவிட்டார். அப்படிப்பட்டவர் 1942 மார்ச் கடைசியில் வழக்கத்தை மீறி அரசியலில் தலையிட்டார். ரங்கூன் அப்போது ஜப்பான் கையில் விழுந்திருந்தது. போர் முடிந்ததும் டொமினியன் அந்தஸ்து (பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி), அதுவரை போருக்கு ஒத்துழைப்பு என்ற திட்டத்தோடு பிரிட்டன் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸை டெல்லிக்கு அனுப்பியிருந்தது. காங்கிரஸ் தயங்கிக்கொண்டிருந்தது. மார்ச் 31 அன்று அரவிந்தர் அந்தத் திட்டத்தை வரவேற்று கிரிப்ஸுக்குச் செய்தி அனுப்பினார். ராஜாஜிக்கும் இந்து மகாசபையைச் சேர்ந்த மூஞ்சேவுக்கும் தந்தி போனது. தன் சீடரும் சென்னை வழக்கறிஞருமான எஸ். துரைசாமி ஐயரை டெல்லிக்கே அனுப்பி காங்கிரஸ் தலைவர்களிடம் நேரில் பேசச் சொன்னார்.

பலன் இல்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் காங்கிரஸ் திட்டத்தை நிராகரித்தது. ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தொடங்கிவிட்டது. அரவிந்தர் சொன்னது சரிதான் என்று பிற்காலத்தில் பேசியவர்கள் உண்டு. அது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது, அவர் செய்தது நடுவர் வேலையே இல்லை என்பது. ஒரு தரப்பிடம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். காங்கிரஸுக்குச் சிக்கல் எங்கே இருந்தது? பாதுகாப்புத் துறை யார் கையில், இடைக்கால அமைச்சரவைக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் இருந்தது. அந்த இடத்தில் கிரிப்ஸை இன்னும் கொஞ்சம் இறங்கிவரச் சொல்லும் வேலையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. 32 ஆண்டுகள் விலகியிருந்தவருக்கு மரியாதை நிறைய இருந்தது, யார்மீதும் பிடி இல்லை. தொலைவில் இருக்கும் மகானின் சொல்லை அரசியல்வாதிகள் பணிவோடு கேட்டுக்கொள்வார்கள். அப்புறம் தங்கள் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

இதோடு பெனின் நாட்டு விஷயத்தை வைத்துப் பாருங்கள். நம் புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடம் அது, பழைய பெயர் தகோமே. 1972-ல் மத்தியூ கெரெகு என்ற ராணுவ அதிகாரி ஆட்சியைப் பிடித்து, 1974-ல் மார்க்சிய அரசு என்று அறிவித்தார். 1989-க்குள் வங்கிகள் முடங்கி, அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளமே இல்லாமல் போனது. வேறு வழியில்லாமல் 1990 பிப்ரவரியில் கோட்டோனு நகரில் ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டினார் கெரெகு. சுமார் 500 பேர் வந்தார்கள்: கட்சிக்காரர்கள், தொழிற்சங்கத்தினர், விவசாயிகள், ராணுவத்தினர், முன்னாள் அதிபர்கள். தலைமை தாங்க ஒருவர் வேண்டும். எல்லாரும் ஒத்துக்கொண்ட பெயர் கத்தோலிக்க ஆயர் இசிடோர் தெ சூசா.

மாநாடு கூட்டியவர் எதிர்பார்த்தது ஆலோசனை. கூடியவர்களோ எங்கள் முடிவே இறுதி முடிவு, அரசு இதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். இது சிவிலியன்கள் செய்யும் ஆட்சிக் கவிழ்ப்பு என்று கெரெகு கொதித்தார். ராணுவம் அவர் கையில் இருந்தது, மண்டபத்தைக் காலி செய்ய ஒரு உத்தரவு போதும். தெ சூசாவுக்கு அந்த நாட்களில் இரண்டு முனையிலும் வேலை. அதிபரிடம் போய், முடிவை ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு ஒரு கௌரவமான வழி உண்டு என்று பேச வேண்டும். மண்டபத்துக்குத் திரும்பிவந்து, 17 ஆண்டுகளாகச் சிறையையும் நாடுகடத்தலையும் அனுபவித்துப் பழிவாங்கத் துடித்தவர்களை அடக்க வேண்டும். பிப்ரவரி 28 அன்று கெரெகு முடிவுகளை ஏற்றுக்கொண்டார். பிற்பாடு அவர்மேல் வழக்கு வராது என்ற பாதுகாப்பும் கிடைத்தது. ஒரு துப்பாக்கிக் குண்டு வெடிக்காமல் ஆட்சிமுறை மாறியது. 1991 தேர்தலில் கெரெகு தோற்று வீட்டுக்குப் போனார்.

இந்த ஆயரை நான் உயர்வாக நினைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இடைக்காலத்தில் நாட்டின் உயர் மன்றத்துக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். அவருக்கு இருந்த செல்வாக்குக்கு அதிபர் தேர்தலில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை, மறைமாவட்ட வேலைக்குத் திரும்பினார். மாணவியின் மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது நம்மூருக்கு வருவோம். நான் கடலூர் மாவட்டத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். சமாதானக் கூட்டம் என்பது எங்கள் அலுவலகத்தில் அன்றாடச் சங்கதி. சுருக்குமடி வலை போடும் மீனவ ஊருக்கும் அதை எதிர்க்கும் ஊருக்கும் தகராறு, சுடுகாட்டுப் பாதை, தேர் எந்தத் தெரு வழியாகத் திரும்புவது, விநாயகர் ஊர்வலம் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். கோட்டாட்சியர் நடுவில் உட்காருவார், பக்கத்தில் டிஎஸ்பி. இந்தப் பக்கம் ஒரு தரப்பு, அந்தப் பக்கம் மறுதரப்பு. பேசி முடித்ததும் தீர்மானத்தை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவோம். கையெழுத்து வாங்குவது கஷ்டமில்லை. அறைக்குள் எல்லாரும் நல்லவர்கள்தான்.

ஒரு விநாயகர் ஊர்வலம் நினைவுக்கு வருகிறது. தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் தெருமுனையைக் கடக்கும்போது மேளம் கிடையாது, பட்டாசு கிடையாது, அதற்குப் பதிலாக ஊர்வலப் பாதையை ஜமாத் ஆட்சேபிக்காது. இதுதான் தீர்மானம். ஜமாத் தலைவர் வயதானவர், கூட்டத்தில் அதிகம் பேசவில்லை. அன்று சாயங்காலம் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து தெருமுனையில் போட்டார். ஊர்வலம் வரும் சாலைக்கு முதுகைக் காட்டி, தன் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பையன்கள் இரண்டு மூன்று பேர் வேகமாக முன்னே வந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் கையை மட்டும் தூக்கினார். அவர்கள் நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் கோயில் பூசாரி மேளக்காரர்களோடு சேர்ந்தே நடந்துவந்து, முனைக்கு வருவதற்கு முன்பே அடிப்பதை நிறுத்தச் சொன்னார். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்களுக்கு அன்று வேலை இல்லை. எழுதிவைத்த தீர்மானத்துக்கு உயிர் கொடுத்தது அந்த இருவர் தங்கள் ஆட்கள்மேல் வைத்திருந்த பிடிதான்.

தேச அளவில் நடப்பதும் இதுவேதான், அளவு மட்டும் பெரிது. மொசாம்பிக் நாட்டைச் சொல்கிறேன். இந்தத் துறையில் படிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் எண்ணம்.

1975-ல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. ஃப்ரெலிமோ கட்சி ஆட்சிக்கு வந்து, திருச்சபையின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அரசுடைமை ஆக்கியது. அதை எதிர்த்து ரெனாமோ என்ற ஆயுதக் குழு கிளம்பியது. முதலில் ரொடீசியாவும் (இன்றைய ஜிம்பாப்வே) பிறகு நிறவெறித் தென்னாப்பிரிக்காவும் அதற்குப் பின்னால் நின்றன. கிட்டத்தட்ட 15 ஆண்டுப் போர். சண்டையிலும் பஞ்சத்திலுமாகப் பத்து லட்சம் பேர் வரை செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கொள்ளைக்காரர்களோடு பேச மாட்டோம் என்றது அரசு. கத்தோலிக்க ஆயர்களோ 1980-களில் சுற்றுமடல்கள் எழுதி, பேசித்தான் ஆக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதற்காக அரசின் கோபத்தையும் சம்பாதித்தார்கள்.

பெய்ரா நகரின் பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ் ஒரு படி மேலே போனார். 1988-ல் ரகசியமாகக் காட்டுக்குள் போய் ரெனாமோ தலைவர் டிலகாமாவைப் பார்த்தார். இருவரும் ஒரே ந்தாவு இனத்தவர், ஒரே மொழி பேசுபவர்கள். தாய்மொழியில் பேச ஒருவர் தேடிவந்தது டிலகாமாவுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். அதுவரை வெளியுலகம் அவரைக் கொலைகாரர் என்று மட்டும்தான் பார்த்திருந்தது. அப்புறம் நைரோபியில் திருச்சபைத் தலைவர்கள் ரெனாமோவோடு பேசினார்கள். ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானேயும் அதில் இருந்தார்.

1990 ஜூலையில் ரோம் நகரில் முதல்முறையாக இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்தன. இடம், சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்புக்குச் சொந்தமான ஒரு பழைய கன்னியர் மடம். நடுவர்கள் நால்வர்: அமைப்பை நிறுவிய ஆந்திரேயா ரிக்கார்தி, மத்தேயோ ஸுப்பி என்ற இளம் குரு, கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபாயெல்லி. இவர்களிடம் படை இல்லை, மிரட்டிப் பணியவைக்கும் வசதி எதுவும் இல்லை. அதனால்தான் இரு தரப்பும் பயப்படாமல் வந்தன. நம்மை பிரிப்பதைப் பிறகு பார்ப்போம், நம்மைச் சேர்ப்பது என்ன என்று முதலில் தேடுவோம் என்பதில் ஆரம்பித்தார்கள். 27 மாதம் இழுத்தது. பலமுறை நின்றது, மறுபடி தொடங்கியது. 1992 அக்டோபர் 4 அன்று அதிபர் சிஸ்ஸானோவும் டிலகாமாவும் கையெழுத்துப் போட்டார்கள். 1994-ல் தேர்தல் நடந்தது. டிலகாமா தோற்றார், ஆனால் காட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. இருபது ஆண்டு கழித்து ரெனாமோ மறுபடி துப்பாக்கி எடுத்ததும் உண்மைதான். ஆனாலும் அந்த இருபது ஆண்டில் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் போய் வளர்ந்துவிட்டது.

எல்லாப் புகழும் பாதிரியார்களுக்கே என்று நான் சொல்லவில்லை. பனிப்போர் முடிந்துவிட்டது, தென்னாப்பிரிக்காவின் ஆதரவு வற்றிக்கொண்டிருந்தது, 1992-ல் கடும் வறட்சி வந்து இரு தரப்புப் படைகளுக்கும் சோறு இல்லாமல் செய்தது. பேச்சுக்கு இத்தாலி செலவழித்தது, ஒப்பந்தத்தை நிறைவேற்ற ஐ.நா. படை வந்தது. சூழ்நிலை கனிந்திருந்தது. ஆனால் கனிந்ததைப் பறிக்க இரு தரப்பும் நம்பும் ஒரு கை வேண்டியிருந்தது, அது முன்கூட்டியே தயாராக இருந்தது.

நேர் எதிரான உதாரணம் நமக்குக் கடல் தாண்டினால் போதும். 1957 ஜூலை 26 அன்று இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். வடக்கு கிழக்கில் பிராந்திய சபைகள், நிர்வாகத்தில் தமிழுக்கு இடம், குடியேற்றத்தில் சபைகளுக்கு அதிகாரம் என்று நிதானமான ஒப்பந்தம்தான். 1958 ஏப்ரல் 9 அன்று கொழும்பில் பிரதமர் வீட்டு வாசலில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்த பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்ததாக எழுதிக் கொடுத்தால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். பண்டாரநாயக்கா எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே தீவு முழுவதும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்காவையே ஒரு பிக்கு சுட்டுக் கொன்றார். இதில் களனி விகாரையின் தலைமைப் பிக்கு சதிகாரர் என்று தண்டிக்கப்பட்டார்.

அன்று அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து "எழுந்து போங்கள், இது நம் வேலை இல்லை" என்று சொல்ல ஒரு மூத்த தேரர் முன்வந்திருந்தால்? நடக்காததைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பார்கள். ஆனால் எனக்கு அந்த நாளைத் தாண்டிப் போகவே முடிவதில்லை. கடலூரிலிருந்து பார்த்தால் அதற்குப் பிறகு அகதிகளாகப் படகில் வந்திறங்கியவர்களின் முகம்தான் தெரிகிறது.

அதே இலங்கையில் வேறு விதமாக வாழ்ந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். மன்னார் ஆயர் இராயப்பு யோசப். மடு மாதா கோயில் வளாகத்தை ராணுவமும் புலிகளும் விட்டுவைக்க வேண்டும் என்று இரு பக்கமும் மன்றாடியவர். போரை அவரால் நிறுத்த முடியவில்லை. போர் முடிந்தபின், 2011 ஜனவரியில் அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் போய் உட்கார்ந்து, அரசின் புள்ளிவிவரங்களையே எடுத்து வைத்தார். வன்னியில் 2008 அக்டோபரில் பதிவான மக்கள் 4,29,059. அரசுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் இல்லை. சமாதானம் செய்ய முடியாமல் போனாலும் கணக்குக் கேட்கும் சாட்சியாக ஒரு மதத் தலைவர் நிற்க முடியும். 2021-ல் அவர் இறந்தார்.

சரி, இந்தியாவில்? இங்கே இரண்டு அனுபவங்கள் உண்டு, ஒன்றுக்கொன்று வேறானவை.

நாகாலாந்தில் பாப்டிஸ்ட் சபை 1964-ல் எடுத்த முயற்சியில் ஒரு அமைதிக் குழு அமைந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, ஆங்கிலிக்கன் பாதிரியார் மைக்கேல் ஸ்காட் ஆகிய மூவர் அதில் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று இந்திய அரசுக்கும் தனிநாடு கேட்டுப் போராடிய நாகர்களுக்கும் இடையே போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது. பத்தாண்டுச் சண்டைக்குப் பின் ஜனங்கள் பயமில்லாமல் வயலுக்குப் போனார்கள். அப்புறம் குழு உடைந்தது. ஸ்காட் நாகர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அரசு கருதி 1966-ல் அவரை நாட்டைவிட்டே அனுப்பிவிட்டது. ஆனால் உள்ளூர்ச் சபைகள் அங்கேயே இருந்தன, தூது போவதை விடவில்லை. பக்கத்து மிசோரத்திலும் பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் சபைகள் அரசுக்கும் தலைமறைவாக இருந்தவர்களுக்கும் இடையே தொடர்பு அறாமல் பார்த்துக்கொண்டன. 1966-ல் தொடங்கிய மிசோ கிளர்ச்சி 1986 ஜூன் 30 ஒப்பந்தத்தோடு முடிந்தது, இன்றுவரை முடிந்தது முடிந்ததாகவே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் நடுவர் ஒரு நாள் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே ஜனங்கள் முன்னால் நிற்க வேண்டிய பாதிரியாரால் அப்படிப் போக முடியாது.

இரண்டாவது அயோத்தி. 2002-லும் 2003-லும் காஞ்சி ஜெயேந்திர சரசுவதி சமரசம் பேசினார். முஸ்லிம் தனிச்சட்ட வாரியத்தோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. 2003 ஜூலையில் வாரியம் அவரது யோசனையை ஏற்க மறுத்தது. காசி, மதுரா பற்றிய பேச்சும் கடிதத்தில் வந்ததுதான் முக்கியக் காரணங்களில் ஒன்று. 2019-ல் உச்ச நீதிமன்றம் மூவர் குழுவை அமைத்தது: நீதிபதி கலிஃபுல்லா, வாழும் கலை அமைப்பின் ஸ்ரீஸ்ரீ ரவிசங்கர், மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு. மூவருமே தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்கள். அதுவும் கைகூடாமல், 2019 நவம்பர் 9 அன்று தீர்ப்புதான் வந்தது.

ஏன் கைகூடவில்லை என்று பலர் பல காரணம் சொல்வார்கள். என் பார்வை இது: காஞ்சி மடாதிபதிக்கு மரியாதை நாடெங்கும் இருந்தது. ஆனால் அவர் ஒப்புக்கொண்டதை விசுவ இந்து பரிஷத்தும் அகாடாக்கள் எனப்படும் சாதுக்களின் அமைப்புகளும் ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அந்தப் பக்கமும் அப்படித்தான், தனிச்சட்ட வாரியம் சொன்னால் ஒவ்வொரு ஜமாத்தும் கேட்டுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சொந்த ஆட்களைக் கட்டுப்படுத்த முடியாத இருவர் எவ்வளவு நல்ல மனதோடு பேசினாலும் பேச்சு பேச்சாகவே நிற்கும்.

உலக உதாரணங்களில் ஏன் பிஷப்புகளே அதிகம் வருகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அவர்கள் கூடுதல் புண்ணியவான்கள் என்பதால் இல்லை. கத்தோலிக்கச் சபையில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிர்வாகம். நம் பக்கத்திலேயே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம் என்று இரண்டு அரசுகளின் எல்லையைத் தாண்டி ஒரே பேராயரின் கீழ் இருக்கிறது. கிராமப் பங்குத்தந்தை வரை ஒரு செய்தி போய்ச்சேரும், அங்கிருந்து நிலவரம் மேலே வரும். வத்திகானுக்குத் தனித் தூதரகங்களே உண்டு. 1978 டிசம்பரில் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் சிலியும் போருக்கு அணிவகுத்து நின்றபோது, போப் இரண்டாம் ஜான் பால் கர்தினால் சமோரேயை உடனே அனுப்ப முடிந்தது அதனால்தான். இரு நாட்டிலும் சர்வாதிகாரிகள், இருவரும் கத்தோலிக்கர்கள். எதிரிக்குப் பணிந்தேன் என்றால் மானம் போகும், போப்புக்குப் பணிந்தேன் என்றால் போகாது. ஜனவரி 8-க்குள் போர் தவிர்க்கப்பட்டது. இறுதி உடன்படிக்கைக்கு 1984 வரை ஆனது, சமோரே அதைப் பார்க்காமலே காலமானார்.

நம் ஆதீனங்களுக்கு அப்படிப்பட்ட அமைப்பு கிடையாது. ஒரு மடத்தின் சொல் அதன் சீடர்களோடு நின்றுவிடும். நம் பழைய மரபில் இந்த வேலையைப் புலவர்கள் செய்தார்கள். உறையூரை முற்றுகையிட்டு நின்ற நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்ட நெடுங்கிள்ளிக்கும் நடுவில் போய், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் சோழர் குடிதானே என்று கேட்டார் கோவூர் கிழார். அண்மைக் காலத்தில் அந்த இடத்துக்குக் கிட்ட வந்தவர் குன்றக்குடி அடிகளார். 1982-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தின்போது, துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் இறந்து ஊரே கொந்தளித்த நேரத்தில், ஒரு சைவ மடத்தின் தலைவர் கிறிஸ்தவ மீனவர்களிடையே அமைதி பேசப் போனார். பெரியாரோடு மேடையைப் பகிர்ந்து, தன் பக்கத்தவரின் வசவை வாங்கிக்கொண்டவர் அவர். அந்த வசவுதான் மண்டைக்காட்டில் அவருக்கு நுழைவுச் சீட்டு என்று நான் நம்புகிறேன். தன்னவர்களிடம் திட்டு வாங்கியவரை எதிர்ப்பக்கம் நம்பும்.

நடுவராக நிற்பதற்கு விலையும் உண்டு. நிகராகுவாவில் 2018-ல் போராட்டம் வெடித்தபோது, அதிபர் ஒர்த்தேகாவே ஆயர்களை நடுவராக அழைத்தார். மே மாதம் பேச்சு தொடங்கியது. ஆயர்கள் தேர்தலை முன்கூட்டி நடத்தலாம் என்றதும் அவர்களையே ஆட்சிக் கவிழ்ப்புச் சதிகாரர்கள் என்றார். மத்தகால்ப்பா ஆயர் ரொலாந்தோ ஆல்வாரெஸ் 2022-ல் பிடிக்கப்பட்டு, 2023-ல் 26 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2024 ஜனவரியில் ரோமுக்கு அனுப்பப்பட்டார். நெருக்கடியில் நேரம் வாங்க மதத் தலைவர்களைக் கூப்பிட்டு, நெருக்கடி தணிந்ததும் அவர்கள்மேலேயே பாயும் ஆட்சியாளர்கள் எங்கும் உண்டு. அழைப்பு வந்தால் முதலில் எழுதி வாங்க வேண்டியது, பேசும் காலத்தில் கைது கிடையாது என்ற உறுதி.

உள்நாட்டுப் போரில் மோதிக்கொண்ட தெற்கு சூடான் தலைவர்களை 2019 ஏப்ரலில் வத்திகானுக்கு அழைத்து, 82 வயதில் மண்டியிட்டு அவர்கள் ஷூவை முத்தமிட்டார் போப் பிரான்சிஸ். பார்த்தவர் மனம் கலங்கும் காட்சிதான். அதற்குப் பிறகு ஒரு கூட்டு அரசு அமைந்தது, ஆனால் ஊர்ப்புறத்தில் துப்பாக்கிகள் ஓயவில்லை. அந்தத் தலைவர்களுக்குக் கீழே இருக்கும் தளபதிகள் போப்பின் ஆட்கள் இல்லையே.

இனி மூன்றாவது கேள்வி: மதம் அரசியலுக்குள் வந்துவிடாதா? வரும் ஆபத்து நிச்சயம் உண்டு. நியாயமான பயம் அது. நான் மதச்சார்பற்ற அரசின் ஊழியனாகவே வாழ்ந்தவன், அதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் வரம்பு தெளிவாக இருக்க வேண்டும். சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நடுவர் சொல்லக் கூடாது, சண்டையிடுபவர்கள் பேசி முடிவெடுக்க இடம் கொடுப்பதோடு சரி. பேச்சு முடிந்தபின் பதவி, நிலம், கல்லூரி அனுமதி எதையும் வாங்கக் கூடாது. தெ சூசா அதிபர் தேர்தலில் நிற்காததை இதற்காகத்தான் சொன்னேன். ஒரே மதத்தவர் மட்டும் நடுவில் உட்காரவும் கூடாது. உள்நாட்டுப் போர் நடந்த சியரா லியோனில் 1997-ல் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து ஒரே மன்றம் அமைத்தார்கள். இமாமும் பாதிரியாரும் சேர்ந்தே போய்ப் புரட்சிப் படையிடம் பேசினார்கள். முதலில் ஒப்பந்தம் கேட்கவில்லை, பிடித்து வைத்திருந்த பிள்ளைகளில் சிலரை விடுங்கள் என்று கேட்டு அழைத்துவந்தார்கள். அந்தச் சின்ன வெற்றிதான் 1999-ல் அரசும் புரட்சிப் படையும் செய்த லோமே நகர் ஒப்பந்தம் வரை அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது.

மணிப்பூரில் 2023 மே 3-க்குப் பிறகு மெய்தெய்களுக்கும் குக்கிகளுக்கும் நடந்த மோதலைப் பார்க்கும்போது இந்த உதாரணம்தான் எனக்கு அடிக்கடி மனதில் வருகிறது. மெய்தெய்கள் பெரும்பாலும் இந்துக்களும் சனாமஹி வழிபாட்டினரும், குக்கி மக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். இந்து மடாதிபதி தனியாகப் போனாலும் பேராயர் தனியாகப் போனாலும் ஒரு பக்கத்து ஆளாகத்தான் தெரிவார். ஆனால் மெய்தெய்களிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், மெய்தெய் மொழி பேசும் பங்கல் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், இந்தச் சண்டையில் நேரடியாக இறங்காத நாகா சபைகள் இருக்கின்றன. இவர்கள் சேர்ந்து ஒரு குழுவாகப் போகலாம். குக்கிகள் கேட்கும் தனி நிர்வாகம், மெய்தெய்கள் கேட்கும் பழங்குடிப் பட்டியல் இடம் என்ற பெரிய விவகாரங்களை டெல்லிக்கும் கட்சிகளுக்கும் விட்டுவிட்டு, மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே நோயாளி வண்டி தடையில்லாமல் போய்வர வழி, காணாமல் போனவர்கள் பட்டியலை இரு பக்கமும் மாற்றிக்கொள்வது, முகாம்களில் இருப்பவர்கள் தங்கள் வீட்டை ஒருமுறை பார்த்துவரப் பாதுகாப்பு என்று ஆரம்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பக்கத்து மதப் பெரியவர் தன் ஆட்களிடம் போய்ச் சம்மதம் வாங்கிவர வேண்டியிருக்கும். வாங்கிவர முடிகிறவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும், அடுத்த பேச்சுக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும்.